கரும்புச் சக்கை கலந்த ஃபிலமென்ட்: அறிகுறியைப் பார்த்து மூலத்தைப் பிடிப்பது

முப்பரிமாண (3டி) பிரிண்டரின் நாசிலில், அதாவது உருகிய நெகிழி வெளிவரும் முனையில், கோளாறு தெரிந்ததும் கை முதலில் வெப்பநிலையைத்தான் மாற்றப் போகும். வெறும் பிஎல்ஏவில் (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் நெகிழி) அது பல நேரம் பலிக்கும். சக்கைத் தூள் கலந்த பிஎல்ஏவில் அது ஒரு குறையை மறைத்து இன்னொன்றைக் கிளப்பிவிடும். பிரிண்டரில் தெரிகிற குறைகளில் பெரும்பாலானவை கழுவும் தொட்டியிலோ, சல்லடையிலோ, உலர்த்தும் அடுப்பிலோ பிறந்தவை. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலிருந்தும் பின்னோக்கிப் போகிறோம்: பிரிண்டர், ஃபிலமென்ட் (பிரிண்டருக்கு ஊட்டும் நெகிழி இழை), கலவை, தூள், கடைசியாகச் சக்கை.

மொரீசியஸில் இந்த வேலைக்கு இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. முதலாவது ஈரம். க்யூர்பிப் போன்ற நடுமேட்டு ஊர்களில் உலர்த்தி எடுத்த தூளைத் திறந்த தட்டில் விட்டால், மதியச் சாப்பாடு முடிந்து வருவதற்குள் அது மறுபடி ஈரம் குடித்திருக்கும். இரண்டாவது, சக்கை எங்கிருந்து வருகிறது என்பது. ஆலைச் சக்கை கொதிகலனுக்குப் போய் மின்சாரமாகிவிடுகிறது. சிறு பட்டறைக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் சாற்றுக் கடைச் சக்கை. ஆலையில் கரும்பைச் சிதைத்து, பல உருளைகளில் நசுக்கி, நடுவே தண்ணீரும் தெளிப்பதால் வெளியே வரும் சக்கையில் ஈரம் பாதிக்குப் பாதி இருந்தாலும் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான் மிஞ்சும். சாற்றுக் கடையில் கரும்பு இரண்டு மூன்று முறை உருளைக்குள் போய்வந்தால் அதிகம்; சர்க்கரை தாராளமாக உள்ளேயே தங்கிவிடும். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இந்த வித்தியாசமே காரணம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அமைப்பு வேண்டும். இதை வைத்துக்கொள்ளுங்கள்: பிஎல்ஏ 900 கிராம், உலர்ந்த சக்கைத் தூள் 100 கிராம். எக்ஸ்ட்ரூடரில் (கலவையை உருக்கி ஃபிலமென்டாகத் தள்ளும் இயந்திரம்) ஊட்டும் பகுதி 155 டிகிரி, நடுப்பகுதி 170, டை (ஃபிலமென்ட் வெளிவரும் துளை) 170 முதல் 175. பிரிண்டரில் 0.6 மி.மீ. கடினப்படுத்திய எஃகு நாசில், 195 முதல் 205 டிகிரி, தட்டு 55 முதல் 60, அடுக்கு உயரம் 0.3 மி.மீ., வேகம் நொடிக்கு 35 முதல் 40 மி.மீ. தூளின் அளவை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். 10 சதவீதம் சுத்தமாக ஓடும் வரை அதை அடக்கி வையுங்கள்.

பொரிவது போன்ற ஓசை, குமிழி, மேற்பரப்பில் சிறு குழிகள்

வாயு எங்கிருந்தோ வருகிறது. அது நீராவியா, தூள் சிதைந்து வரும் வாயுவா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். மூக்கு போதும். வாசனையில்லாத வெள்ளை ஆவி என்றால் ஈரம். வெல்லப்பாகு கருகும் வாசனையோடு ஃபிலமென்டின் நிறமும் அடர்ந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஈரம் என்றால் யாருடைய ஈரம்? அதே பிஎல்ஏ குருணையைத் தூள் சேர்க்காமல் அதே எக்ஸ்ட்ரூடரில் 50 கிராம் ஓட்டுங்கள். அதிலும் குமிழி வந்தால் பிஎல்ஏ ஈரமாக இருக்கிறது. வராவிட்டால் குற்றவாளி தூள்தான்.

தூளின் ஈரத்தை அளப்பது எளிது. 10.00 கிராம் தூளை எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை வையுங்கள். 0.10 கிராம் குறைந்தால் ஈரம் 1 சதவீதம். கலவைக்குப் போகும் தூள் அதற்குக் கீழே இருக்க வேண்டும். காற்றில் கிடந்த தூளில் 8 முதல் 10 சதவீதம் சாதாரணமாக இருக்கும். அதாவது 100 கிராம் தூளோடு 10 கிராம் வரை தண்ணீரையும் ஊற்றுகிறீர்கள். 170 டிகிரியில் அத்தனையும் ஆவி.

105 டிகிரியில், 2 செ.மீ.க்கு மேல் போகாத படுகையாகப் பரப்பி, நடுவே இரண்டு முறை கிளறி, 4 முதல் 6 மணி நேரம் உலர்த்துங்கள். தடித்த குவியலாகக் கொட்டினால் மேலே காய்ந்து அடியில் ஈரமாகவே இருக்கும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அதற்குள்ளேயே ஆறவிடுங்கள். திறந்து ஆறவைப்பது உலர்த்திய வேலையை வீணாக்கும்.

பிஎல்ஏ விஷயத்தில் தராசு உதவாது. அதற்கு வேண்டிய வரம்பு 250 பிபிஎம், அதாவது 0.025 சதவீதம். எனவே நேரத்தையும் வெப்பத்தையும் நம்ப வேண்டும்: படிகமான, பால்நிறக் குருணைக்கு 80 டிகிரியில் 4 மணி நேரம். கண்ணாடி போலத் தெளிந்த குருணை 60 டிகிரிக்கு அருகே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதை 45 முதல் 50 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். இந்த 4 மணி நேரக் கணக்கு, காற்றின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரியில் இருக்கும் உலர்காற்று இயந்திரத்துக்குச் சொல்லப்பட்டது. சாதாரண அடுப்பு அறைக் காற்றைத்தான் சுற்றவிடுகிறது. அறைக் காற்றின் பனிநிலை 20 டிகிரி என்றால், 80 டிகிரிக்குச் சூடான பிறகும் அதன் ஒப்பு ஈரப்பதம் 5 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். வெயில் காலத்தில் கடற்கரை ஊர்களில் இன்னும் கூடும். ஆகவே 6 மணி நேரம் கொடுங்கள், மழை நாளில் உலர்த்த வேண்டாம், எடுத்தவுடன் ஹாப்பரில் (எக்ஸ்ட்ரூடருக்குப் பொருள் ஊட்டும் கூம்பு) கொட்டுங்கள்.

தூளும் பிஎல்ஏவும் காய்ந்தே இருந்து, பிரிண்டரில் மட்டும் பொரிகிறதா? ஸ்பூல், அதாவது ஃபிலமென்ட் சுற்றிய உருளை, ஈரம் வாங்கியிருக்கிறது. சக்கை கலந்த ஃபிலமென்ட் வெறும் பிஎல்ஏவைவிட வேகமாக ஈரம் இழுக்கும். மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் தெரியும் ஒவ்வொரு நாரும் ஒரு திரி. 45 முதல் 50 டிகிரியில் 6 மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியிலிருந்தே நேராகப் பிரிண்டருக்கு ஊட்டுங்கள். பெட்டிக்குள் ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். எக்ஸ்ட்ரூடர் வரிசையில் தண்ணீர்த் தொட்டியில் குளிர்விப்பவர்கள் இந்தக் கலவைக்கு அதை விட்டுவிடுவது நல்லது. இரண்டு மூன்று சிறு விசிறிகளும் ஒன்றரை மீட்டர் நீளமும் இருந்தால் காற்றே போதும்.

நிறம் கறுக்கிறது, கருகிய வெல்ல வாசனை

மிஞ்சிய சர்க்கரைதான் முதல் சந்தேகம். சுக்ரோஸ் 160 டிகிரி தாண்டினால் பாகாகிப் பழுப்பேறும். நம் எக்ஸ்ட்ரூடரோ 170இல் ஓடுகிறது. வெப்பத்தைக் குறைத்து இதிலிருந்து தப்ப முடியாது, பிஎல்ஏ உருகாது. கழுவித்தான் ஆக வேண்டும்.

சக்கையை அன்றே கழுவுங்கள். குவித்து வைத்தால் ஒரே இரவில் புளித்து, குவியலின் உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்துவிடும். 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக்கி, 1 கிலோ சக்கைக்கு 10 லிட்டர் கணக்கில் 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். புது நீரில் மறுபடி. மூன்றாம் நீரை, கரைந்த சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விடுங்கள். கரும்பு நாட்டில் அந்தக் கருவி கிடைக்காமல் போகாது. பிரிக்ஸ் (கரைந்த சர்க்கரையின் சதவீதம்) 0.2க்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். சாற்றுக் கடைச் சக்கைக்கு நான்காவது, ஐந்தாவது நீரும் தேவைப்படும். கருவி இல்லையென்றால் கடைசி நீரில் ஒரு கரண்டியை எஃகுத் தட்டில் வற்றவிடுங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாக மிஞ்சுவது சர்க்கரை.

நன்றாகக் கழுவியும் கறுத்தால் அடுத்தது வெப்பமும் நேரமும். சக்கையின் முக்கியப் பகுதிகளில் வெப்பத்துக்கு முதலில் தோற்பது ஹெமிசெல்லுலோஸ். சுமார் 220 டிகிரியிலிருந்து அது மளமளவென்று சிதையும். அதற்கு முன்பே, 200ஐ ஒட்டி நிறம் மாறத் தொடங்கும். செல்லுலோஸ் 300 டிகிரிவரை தாக்குப் பிடிக்கும். எனவே பிரிண்டரில் 210ஐத் தாண்ட வேண்டாம். காட்டும் எண்ணும் உண்மை வெப்பமும் ஒன்றா என்றும் பாருங்கள். தளர்ந்த தெர்மிஸ்டர் (வெப்பத்தை உணரும் பாகம்) 15 டிகிரி பொய் சொல்வது அரிதில்லை.

கறுப்பு விட்டுவிட்டுத் தெரிந்தால், அதாவது வெளிர் ஃபிலமென்டில் இடையிடையே கரித்துகள் வந்தால், எக்ஸ்ட்ரூடருக்குள் எங்கோ பொருள் தேங்கி வெந்துகொண்டிருக்கிறது. டையின் மூலை, வடிகட்டித் தகட்டின் பின்புறம், தேய்ந்த ஸ்க்ரூ ஆகியவற்றைப் பாருங்கள். வேலை முடிந்ததும் வெறும் பிஎல்ஏவை 100 கிராமாவது ஓட்டித் துடைத்த பின்தான் சூட்டை அணைக்க வேண்டும்.

இங்கே ஒரு பருவ எச்சரிக்கை. நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். புயலின் இரண்டாம் எச்சரிக்கை அறிவித்துவிட்டால் எக்ஸ்ட்ரூடரைத் தொடங்காதீர்கள். மின்சாரம் நடுவில் போய், சக்கையோடு பாரல் (ஸ்க்ரூ சுழலும் குழாய்) ஆறி உறைந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் ஸ்க்ரூவைச் சுழற்றவும் கூடாது. 170 டிகிரிக்கு ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் சூடு உள்ளே இறங்கவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் வெறும் பிஎல்ஏ கொடுத்துத் தள்ளுங்கள். அவசரப்பட்டால் கியர் பல் போகும்.

ஃபிலமென்டின் தடிமன் ஏறி இறங்குகிறது

1.75 மி.மீ.யில் கூடக் குறைய 0.05 ஏற்றுக்கொள்ளலாம். அதுவே பரப்பளவில் சுமார் 6 சதவீதம். 1.65க்கு இறங்கினால் பிரிண்டருக்குப் போகும் பொருள் 11 சதவீதம் குறைகிறது. சுவரில் கோடு தெரியும்.

இரண்டு மீட்டர் ஃபிலமென்டை எடுத்து 20 மி.மீ.க்கு ஒருமுறை காலிப்பரில் அளந்து தாளில் குறியுங்கள். அலை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா? அலையின் நீளமே காரணத்தைச் சொல்லிவிடும். நிமிடத்துக்கு 1 மீட்டர் இழுத்து, ஸ்க்ரூ 20 சுற்று சுற்றினால், ஒரு சுற்றுக்கு 50 மி.மீ. அலையும் 50 மி.மீ. என்றால் ஊட்டும் பகுதியில் பொருள் சீராகப் பிடிபடவில்லை. அந்த வெப்பத்தை 5 டிகிரி இறக்கிப் பாருங்கள். ஹாப்பர் வாயிலேயே பிஎல்ஏ இளகி ஸ்க்ரூவில் ஒட்டிச் சுற்றுவது வழக்கமான காரணம். அலை 100 மி.மீ. ஆகி, இழுக்கும் உருளையின் விட்டம் 32 மி.மீ. என்றால் கணக்கு நேராகப் பொருந்துகிறது: உருளை மையம் விலகியிருக்கிறது.

அலை ஒழுங்கில்லாமல், சில நிமிடத்துக்கு ஒருமுறை திடீரென மெலிந்து மறுபடி தடித்தால் ஹாப்பரில் பாலம் கட்டியிருக்கிறது. சக்கைத் தூள் மிக லேசானது. 100 கிராம் அரை லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். நார்கள் ஒன்றோடொன்று கோத்து, கீழே குழி விழுந்த பிறகும் மேலே கூரை போல நிற்கும். தட்டிவிட்டால் இறங்கும், மறுபடி நிற்கும். மோட்டாரில் ஒரு கிளறுகோல் வைக்கலாம். அதைவிட நல்ல வழி, தூளைத் தூளாக ஹாப்பருக்குள் விடாமல் இருப்பது. முதல் ஓட்டத்தில் கலவையைத் தடித்த கயிறாக இழுத்து, 3 மி.மீ. துண்டுகளாக வெட்டி, உலர்த்தி, இரண்டாம் ஓட்டத்தில்தான் ஃபிலமென்ட் எடுப்பது. மேசை எக்ஸ்ட்ரூடரின் ஒற்றை ஸ்க்ரூ தள்ளும் கருவிதான். கலக்கும் திறன் அதற்குக் குறைவு. ஒரே ஓட்டத்தில் எடுத்த ஃபிலமென்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தூள் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பிஎல்ஏவைக் குருணையாக விடாமல் பொடியாக அரைத்துக் கலந்தால் தூள் பிரிந்து அடியில் தங்காது. ஒவ்வொரு கூடுதல் ஓட்டமும் பிஎல்ஏவின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் அறுக்கும் என்பதால் மூன்றாவது ஓட்டம் வேண்டாம். இரட்டை ஸ்க்ரூ இயந்திரம் எங்கேயாவது வாடகைக்குக் கிடைத்தால் கலவையை அங்கே ஒரே முறையில் முடித்துவிடுங்கள்.

நாசில் அடைத்துக்கொள்கிறது

எவ்வளவு நேரத்தில் என்று பாருங்கள். தொடங்கிய சில நிமிடங்களில் அடைத்தால் துகள் அளவு. ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு அடைத்தால் சூடு மேலே ஏறுவது. இடைநிறுத்தி மறுபடி தொடங்கும்போது மட்டும் அடைத்தால், நாசிலில் நின்ற தூள் வெந்து கட்டியானது.

துகள் விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் சல்லடை. சக்கைத் துகள் உருண்டை இல்லை, ஊசி. 100 மெஷ் சல்லடையின் கண் 150 மைக்ரான். சல்லடையை மேலும் கீழும் குலுக்கினால் 1 மி.மீ. நீள ஊசிகூட நட்டுக்குத்தலாக நின்று அந்தக் கண்ணில் இறங்கிவிடும். எண்ணைப் பார்த்தால் 150, நாசிலில் போய் நிற்பது 1000. கிடைமட்டமாகச் சுழற்றிச் சலியுங்கள், கைப்பிடித் தூளுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள், சலித்ததை ஒரு லென்ஸின் அடியில் பரப்பி நீளத்தைப் பாருங்கள். 0.4 நாசிலுக்கு 200 மெஷ், அதாவது 75 மைக்ரானுக்குக் கீழே. 0.6க்கு 125 வரை. 0.8க்கு 150 போதும். 0.4இல்தான் அடிப்பேன் என்று அடம்பிடிப்பதைவிட 0.6க்கு மாறுவது மலிவு. 75 மைக்ரானுக்கு அரைப்பதற்குள் மிக்சியின் பிளேடும் போகும், நேரமும் போகும்.

தண்டின் நடுவிலுள்ள பஞ்சு போன்ற சோற்றுப் பகுதி அரைக்கும்போது நசுங்கி உருண்டு சிறு பந்துகளாகும். உருகிய பிஎல்ஏ அதற்குள் நுழையாது. கழுவிக் காய்ந்த சக்கையை அரைக்கும் முன் பெரிய கண் சல்லடையில் உலுக்கினால் இந்தச் சோறு தூளாக உதிரும், நார் மேலே நிற்கும். நாரை மட்டும் அரைக்க எடுங்கள். உதிர்ந்தது தோட்டத்துக்கு உரம்.

சூடு மேலேறும் அடைப்புக்குக் குளிர்விக்கும் விசிறியையும் அதன் தூசியையும் பாருங்கள். பெட்டி மூடிய பிரிண்டர் என்றால் கதவைத் திறந்து வையுங்கள். பிஎல்ஏ 55 முதல் 60 டிகிரியிலேயே இளகும். அறையே 32 டிகிரியில் இருக்கும் ஜனவரியில் மூடிய பெட்டி அதற்கு எதிரி. ரிட்ராக்ஷனையும் (நாசில் இடம் மாறும்போது ஃபிலமென்டைப் பின்னுக்கு இழுப்பது) குறையுங்கள்: ஃபிலமென்டைத் தள்ளும் மோட்டார் நாசிலின் மேலேயே இருந்தால் (நேரடி எக்ஸ்ட்ரூடர்) 1 மி.மீ., நீண்ட குழாய் வழியாகத் தள்ளினால் (பௌடன்) 4 மி.மீ. இளகிய ஃபிலமென்டை அடிக்கடி குளிர்ந்த பகுதிக்கு இழுத்தால் அங்கேயே வீங்கி நின்றுவிடும்.

அடைப்பை எடுக்க: நாசிலை 200 டிகிரிக்கு ஏற்றி வெறும் பிஎல்ஏவைக் கையால் அழுத்தி, 90 டிகிரிக்கு இறங்கவிட்டு, ஒரே வெட்டாக வெளியே இழுங்கள். நுனி சுத்தமாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள். இழுத்த நுனியை எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஊசிகள் சடைபோல நின்றால் சல்லடை. கருங்கட்டி என்றால் வெப்பம் அல்லது சர்க்கரை. மேலே தடித்த கழுத்து என்றால் சூடு ஏறியது.

ஸ்பூலிலேயே படபடவென்று உடைகிறது

இந்தக் கலவையின் பெரிய வியாதி இதுதான். காரணங்கள் நான்கு, நான்குக்கும் மருந்து வேறு. உடைந்த முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

முகத்தில் நார்கள் நீட்டிக்கொண்டும், பக்கத்தில் நார் உருவிப்போன துளைகளும் தெரிந்தால், நாரும் பிஎல்ஏவும் பிடிக்கவில்லை. நார் தண்ணீரை விரும்பும், பிஎல்ஏ விரும்பாது. இரண்டுக்கும் நடுவே தரகர் வேண்டும். மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிஎல்ஏ கிடைத்தால் மொத்த எடையில் 3 முதல் 5 சதவீதம் சேருங்கள். கிடைக்காவிட்டால் தூளைக் காரத்தில் கழுவலாம்: 100 கிராம் தூளுக்கு 1.5 லிட்டர் தண்ணீர், அதில் 75 கிராம் காஸ்டிக் சோடா, அறை வெப்பத்தில் 1 மணி நேரம். மெழுகும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் போய், நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பலன் என்று நினைக்காதீர்கள், நார் வலுவிழக்கும்.

முகம் கண்ணாடி போல வழுவழுவென்று இருந்து, நார்கள் நன்றாகப் புதைந்தே இருந்தால், பிஎல்ஏவே சிதைந்திருக்கிறது. இன்னொரு அடையாளம், டையிலிருந்து தொங்கும் கயிறு. அதே வெப்பத்தில் நல்ல பிஎல்ஏ மெல்லத் தொய்ந்து இறங்கும். சிதைந்தது எண்ணெய் போல ஒழுகி அறுந்து விழும். ஈரத்தோடு உருக்கியது முதல் காரணம்: சூட்டில் தண்ணீர் சங்கிலியை வெட்டும். அதிகம் கவனிக்கப்படாத இரண்டாம் காரணம், காரத்தில் கழுவிய தூளில் தங்கிவிட்ட காரம். அது இந்த வெட்டுதலைப் பல மடங்கு வேகப்படுத்தும். பிடிப்பு வருவதற்காகச் செய்த வைத்தியமே நோயாகிவிடும். கழுவிய தூளில் 5 கிராம் எடுத்து, கொதித்து ஆறிய 50 மி.லி. நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து பிஎச் தாள் நனையுங்கள். 6.5 முதல் 7.5க்குள் இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து ஒருமுறை அலசி, பிறகு வெறும் நீரில் இரண்டு முறை. வினிகரையும் விட்டுவைக்கக் கூடாது.

பிடிப்பும் சரி, பிஎல்ஏவும் சரி, ஆனாலும் உடைகிறது என்றால் கலவை தன் இயல்பிலேயே விறைப்பு. பிஎல்ஏ அளவில் 50 கிராமைக் குறைத்து, அதற்கு ஈடாக நெகிழ்வூட்டியான அசிட்டைல் டிரைபியூட்டைல் சிட்ரேட் அல்லது பெக் 400 சேருங்கள். 1 கிலோவுக்கு 100 கிராமுக்கு மேல் போனால் ஃபிலமென்ட் தளர்ந்து, இளகும் வெப்பம் இறங்கி, பிரிண்டரின் பல்சக்கரம் அதைக் கடித்துக் குழிக்கும். வளையும் தன்மையுள்ள நெகிழியான பிபிஏடியை 15 முதல் 20 சதவீதம் கலப்பது இன்னும் நிலையான வழி. காலப்போக்கில் மேலே கசிந்து வராது.

நான்காவது, சுற்றும் விதம். முழுக்க ஆறிய ஃபிலமென்டைச் சிறிய உள்வட்டத்தில் இறுக்கிச் சுற்றினால் உள்ளடுக்குகள் எந்நேரமும் வளைந்த இழுவிசையில் இருக்கும். வாரம் போனால் தானாக உடையும். உள்விட்டம் 100 மி.மீ.க்குக் குறையாத ஸ்பூல் எடுங்கள்.

அடுக்குகள் பிரிகின்றன, நூல் இழுக்கிறது

முதலாவதற்கு: விசிறியை 50 சதவீதத்துக்குக் குறைத்து, அடுக்கு உயரத்தை நாசில் விட்டத்தின் பாதியிலேயே வைத்து, வெப்பத்தை 5 டிகிரி மட்டும் ஏற்றுங்கள். இரண்டாவதற்கு முதலில் ஸ்பூலை உலர்த்துங்கள், பிறகுதான் ரிட்ராக்ஷன். உலர்ந்த ஃபிலமென்டிலும் மெல்லிய நூல் கொஞ்சம் இருக்கும். கத்தியால் சுரண்டினால் போகும், அதற்காக நாள் முழுக்க மல்லுக்கட்டத் தேவையில்லை.

கோடுகள் நாளுக்கு நாள் அகலமாகின்றன

நாசில் தேய்கிறது. கரும்பு மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்துத் தன் திசுவில் வைத்துக்கொள்ளும். அறுவடையில் ஒட்டிய மண்ணும் சேர்ந்தால் சக்கைத் தூள் மெல்லிய உப்புத்தாள்தான். பித்தளை நாசிலின் துளை சில ஸ்பூல்களிலேயே அகலும். இயந்திரத்தால் வெட்டிய கரும்பில் மண் அதிகம். முதல் கழுவலில் தொட்டியை நன்றாகக் கலக்கி, மேலே மிதக்கும் சக்கையை மட்டும் அள்ளுங்கள். அடியில் தங்கும் மணலோடு சேர்த்துக் கவிழ்க்கக் கூடாது. நாசிலின் துளையைத் துரப்பண முனையால் அளந்து பாருங்கள்: 0.7 மி.மீ. முனை 0.6 நாசிலில் நுழைந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

சலித்த அன்று மாலையில் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு இறுக்கம்

இது இயந்திரக் கோளாறு இல்லை, ஆனாலும் அறிகுறிதான். பூஞ்சணம் பிடித்த சக்கையின் தூசு நுரையீரலில் கிளப்பும் ஒவ்வாமை நோய்க்கு பகாசோசிஸ் என்று பெயர். பூஞ்சணச் சக்கையில் சூட்டை விரும்பி வளரும் ஒருவகை நுண்ணுயிர் அதற்குக் காரணம். தூசு பட்ட 4 முதல் 8 மணி நேரத்தில் தெரியும் என்பதால் பலர் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது சக்கைத் தூசு என்று சொல்லுங்கள். மணம் மாறிய, சாம்பல் படிந்த சக்கையை அரைக்கவே கூடாது. அரைப்பதும் சலிப்பதும் எஃப்எஃப்பி2 முகமூடியோடு, காற்றோட்டமான இடத்தில். மிதக்கும் தூசு தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். அதே அறையில் கிரைண்டரோ வெல்டிங்கோ வேண்டாம்.

அச்சடித்த பொருள் நெளிகிறது, பூஞ்சை பூக்கிறது

வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் வைத்தால் நெளியத்தான் செய்யும். கண்ணாடிக்குப் பின்னால் 60 டிகிரி தாண்டும், பிஎல்ஏவோ அதற்கு முன்பே இளகும். சக்கை கலப்பது இந்த எல்லையை ஏற்றித் தராது. 90 முதல் 100 டிகிரியில் மணலுக்குள் புதைத்து 1 மணி நேரம் வைத்தால் பிஎல்ஏ படிகமாகிச் சூடு தாங்கும். அளவு கொஞ்சம் சுருங்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

பூஞ்சை, மேற்பரப்பில் தெரியும் நார்முனைகளில் வரும். சமையலறையிலும் குளியலறையிலும் பயன்படும் பொருளுக்கு ஷெல்லாக் இரண்டு பூச்சு கொடுங்கள். உணவு நேராகப் படும் பொருளுக்கு இந்த ஃபிலமென்ட் பொருந்தாது. அடுக்குகளின் இடுக்கில் தங்குவதைக் கழுவ முடியாது.

தோட்டத்தில் புதைத்தேன், மக்கவே இல்லை

கோளாறு எதுவும் இல்லை, எதிர்பார்ப்புதான் தவறு. பிஎல்ஏ மக்குவதற்கு 58 முதல் 60 டிகிரி வெப்பம் நாள்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில் வேண்டும். மக்கும் பொதிகளுக்கான ஐரோப்பிய ஈஎன் 13432 தரம் சொல்லும் 6 மாதத்தில் 90 சதவீதச் சிதைவு என்பது அந்தச் சூட்டில் ஓடும் தொழிற்சாலை உரக்குழிக்கு. வீட்டுத் தோட்டத்தின் மண் 25 டிகிரியில் இருக்கிறது. அதில் சக்கை நார் முதலில் மக்கிப்போய், துளை விழுந்த பிஎல்ஏ கூடு ஆண்டுக்கணக்கில் மிஞ்சும். கடலில் போட்டாலும் அதே கதை. தூளைக் கூட்டினால் பிஎல்ஏவின் பங்கு குறையும். பிஎல்ஏவின் குணம் மாறாது.

மொரீசியஸில் 2016இல் நெகிழிப் பைகளுக்கும் 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கும் தடை வந்த பிறகு, மக்கும் என்ற முத்திரைக்குச் சந்தையில் விலை கூடியிருக்கிறது. விற்பவர்கள் எந்தச் சூழலில் மக்கும் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

நாற்றுத் தொட்டி போல மண்ணிலேயே கரைய வேண்டிய பொருள் என்றால் பிஎல்ஏவை விட்டு பிஎச்பி (நுண்ணுயிர்கள் உருவாக்கும் நெகிழி) வகைக்கு மாறுங்கள். அது சாதாரண மண்ணிலும் கடல்நீரிலும் நுண்ணுயிர்களுக்கு இரையாகும். ஆனால் அதன் உருகுநிலை 170 முதல் 175 டிகிரி; 190ஐ நெருங்கும்போதே சிதையத் தொடங்கும். இடைவெளி மிகக் குறுகல். எக்ஸ்ட்ரூடரை 175 முதல் 180க்குள் பிடித்து, சக்கைத் தூளை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல், பாரலில் பொருள் நிற்கும் நேரத்தை 3 நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தால் உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவைக்காமல் உடனே பிஎல்ஏ கொடுத்துத் தள்ளிவிடுங்கள்.